அவருக்கென்று ஒரு பாட்டு வேண்டாமா?

பட்டிமன்றத் தலைப்பு: இணையத்தில் வளரும் பாடகருக்கு நிலைத்த பெயரைத் தருவது கவர் பாடல்களா, சொந்தப் பாடல்களா?
‘சொந்தப் பாடல்களே’ அணியின் நிறைவு உரை

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, எதிரில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி நாலு விஷயங்களை ஆணித்தரமாகச் சொன்னார். கவர் பாடாமல், அதாவது ஏற்கெனவே ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டைத் தன் குரலில் திரும்பப் பாடாமல், இன்று எந்தப் புதுப் பாடகரையும் யாருக்கும் தெரியாது என்றார். இலங்கைப் பாடகி யொஹானி ஒரே ஒரு கவர் பாட்டில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தாரே என்றார். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா ஆயுள் முழுக்க மற்றவர்கள் இயற்றியதைத்தானே பாடினார் என்று கேட்டார். கடைசியாக, சொந்தப் பாட்டு என்று இறங்கிக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று இளைஞர்களை எச்சரித்தார். நாலுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவர் பாடுகிறவர்களை எங்கள் அணி குறைவாக நினைக்கவில்லை. அப்படி நினைத்தால் நம் ஊர் மெல்லிசைக் குழுக்களையும் சேர்த்துக் குறைத்த மாதிரி ஆகும். திருவிழா மேடையில் விடிய விடியச் சினிமாப் பாட்டு பாடித்தான் இங்கே எத்தனையோ குரல்கள் பழகின. பாடிப் பாடித்தான் மூச்சு நிற்கும், சுருதி நிற்கும், மேடை பயம் போகும். அதில் சண்டையே இல்லை. கவர் பாடிச் சம்பாதித்த கவனத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதுதான் இன்றைய தலைப்பு.

சரி, அந்தக் கவனம் யாருடையது என்று பார்ப்போம். யூடியூபில் ஒரு கவர் பாட்டைக் கேட்கிறவர் எப்படி அங்கே வந்தார்? பெரும்பாலும் பாட்டின் முதல் வரியைத் தட்டியிருப்பார், அல்லது படத்தின் பெயரை, இசையமைப்பாளரின் பெயரைத் தட்டியிருப்பார். பாடிய பிள்ளையின் பெயரைத் தட்டி வந்தவர்கள் சிலர்தான். கேட்டுவிட்டுக் கீழே என்ன எழுதுகிறார்? ‘ஜானகியம்மா பாடின மாதிரி வராது’ என்று எழுதுகிறார். இல்லையென்றால் ‘ஒரிஜினலை விட அருமை’ என்று எழுதுகிறார். இரண்டாவதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கும். ஆனால் இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான், ஒப்பிட்டார்கள். காதில் ஏற்கெனவே ஒரு குரலை வைத்துக்கொண்டு இந்தக் குரலை அளந்தார்கள். ஒப்பிடாமல் ஒரு குரலை முதல் தடவையாகக் கேட்கும் வாய்ப்பு சொந்தப் பாட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

இணையத்திலிருந்து வந்து நிலைத்தவர்களைப் பாருங்கள். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் ஒரு பையன், ஜஸ்டின் பீபர். அவன் மற்றவர்கள் பாட்டைப் பாடிய வீடியோக்களை அம்மா 2007இல் யூடியூபில் ஏற்றினார். அடுத்த ஆண்டே ஒரு மேலாளர் கண்ணில் பட்டான். அவர் கையில் எடுத்த பிறகு அந்தப் பையனை இன்னும் நூறு கவர் பாட வைக்கவில்லை. 2009இல் வந்த முதல் இசைத்தொகுப்பே புதுப் பாட்டுகள்தான். கவர் வீடியோ கதவைத் தட்டியது உண்மை. கதவு திறந்ததும் உள்ளே எடுத்துக்கொண்டு போனது அவனுக்கென்று உருவான பாட்டுகளை.

இன்னொரு கனடாப் பையன் ஷான் மெண்டிஸ். இவருடைய கதையை நம் பிள்ளைகள் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். 2013இல் வைன் என்று ஒரு செயலி இருந்தது. ஆறு விநாடி வீடியோ மட்டும்தான் போடலாம். அதில் ஆறு ஆறு விநாடியாக மற்றவர் பாட்டைப் பாடி இலட்சக்கணக்கான பேரைச் சேர்த்தார். 2014இல் சொந்தப் பாட்டு வெளியிட்டார், 2015இல் முதல் ஆல்பம் வந்தது, அமெரிக்கப் பட்டியலில் முதல் இடம். அப்புறம் என்ன ஆயிற்று? 2017 தொடக்கத்தில் வைனையே மூடிவிட்டார்கள். அங்கே ஆறு விநாடிப் பாட்டோடு நின்றவர்கள் எத்தனை பேர், இன்று அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறதா? மெண்டிஸ் பெயர் தெரிகிறது. இடம் மூடும் முன்பே அவர் தனக்கென்று பாட்டை உண்டாக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நமக்கும் இதே அனுபவம் உண்டு. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஒரே இரவில் எத்தனை பிள்ளைகளின் ரசிகர் கூட்டம் காணாமல் போனது! தளத்தை நம்பிச் சேர்த்த கூட்டம் தளத்தோடு போயிற்று.

இதெல்லாம் செல்போன் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். பீட்டில்ஸ் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் மணிக்கணக்கில் மற்றவர் பாட்டுகளைப் பாடித்தான் கை பழகியது. 1963 மார்ச்சில் அவர்களின் முதல் ஆல்பம் வந்தபோது மொத்தம் 14 பாட்டு, அதில் 6 பாட்டு மற்றவர்களுடையது. அடுத்த ஆண்டு ஜூலையில் வந்த மூன்றாவது ஆல்பத்தில் 13 பாட்டு, பதின்மூன்றும் அந்தக் குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் இன்னும் தெளிவான உதாரணம். 1962இல் வந்த முதல் ஆல்பத்தில் 13 பாட்டு இருந்தது, இரண்டே இரண்டுதான் அவர் எழுதியது. அந்த ஆல்பம் அப்போது பெரிதாக விற்கவில்லை. மறு ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பம் கிட்டத்தட்ட முழுக்க அவர் எழுதியது. இன்று உலகம் டிலன் என்று சொல்லும்போது எந்த டிலனைச் சொல்கிறது? இரண்டாவது ஆல்பத்து டிலனைத்தான். முதல் ஆல்பத்தோடு திருப்தி அடைந்திருந்தால் 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுக்க ஸ்டாக்ஹோமில் எதைப் பார்த்திருப்பார்கள்?

இப்போது யொஹானிக்கு வருகிறேன். எதிரணி மிகவும் நம்பிய ஆயுதம் அது. 2021 மே மாதம் ‘மெனிகே மகே ஹிதே’ என்ற அந்தப் பாட்டு வந்தது, இந்தியாவில் பாடாத வாயில்லை, மறுக்கவில்லை. ஆனால் சகோதரி பாதிக் கதையைத்தான் சொன்னார். அந்தச் சிங்களப் பாட்டை 2020இல் முதலில் வெளியிட்டவர் சதீஷான் ரத்நாயக்க. யொஹானியின் வீடியோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறாரே ஒருவர், அவர்தான் சதீஷான்! மூலப் பாட்டுக்கு இசையமைத்த சமத் சங்கீத்தான் இந்தக் கவருக்கும் இசை செய்தார். அதாவது பாட்டைப் பெற்றவர்களே கூப்பிட்டு, கூட உட்கார்ந்து, புதுக் குரலில் மறுபடி வெளியிட்ட பாட்டு அது. கரோக்கே டிராக்கை, அதாவது குரல் இல்லாத இசைப் பதிவைத் தரவிறக்கி வீட்டு அறையில் தனியாகப் பாடும் நம் பிள்ளையின் நிலைமையோடு இதை எப்படிச் சமமாக வைக்க முடியும்? இன்னும் ஒரு கேள்வி. 2020இல் யாரோ சில இளைஞர்கள் ‘நமக்கெதற்கு வம்பு, ஏற்கெனவே ஹிட்டான பாட்டையே பாடுவோம்’ என்று இருந்திருந்தால், 2021இல் யொஹானி பாட அந்தப் பாட்டே இருந்திருக்காதே! ஒவ்வொரு கவருக்கும் பின்னால் துணிந்து புதுப் பாட்டு செய்த ஒருவர் இருக்கிறார். நம் பிள்ளை ஏன் அந்த ஒருவராக ஆகக் கூடாது?

எம்.எஸ். அம்மா பற்றிய கேள்வி. அந்தப் பெயரை மேடையில் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது என்று எதிரணிக்குத் தெரியும். எனக்கும் வரவில்லை. எதிர்க்க வேண்டிய தேவையும் இல்லை, அவர் வாழ்க்கையே எங்கள் அணிக்குச் சாட்சி. 1966இல் ஐ.நா. சபையில் பாடினார் அல்லவா? அங்கே தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகள் இருந்தன. அவற்றோடு அந்த மேடைக்கென்றே புதிதாக ஒரு பாட்டு தயாரானது. காஞ்சிப் பெரியவர் சமஸ்கிருதத்தில் எழுதிக் கொடுத்தார், வசந்த் தேசாய் மெட்டமைத்தார். ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனைப் பாட்டு எழுதிக் கொடுத்தார், அதையும் அங்கே பாடினார். அதே ராஜாஜி தமிழில் எழுதிய ‘குறை ஒன்றும் இல்லை’ பாட்டுக்கு மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன். இன்று அதை யார் பாட்டு என்று சொல்கிறோம்? வீட்டில் பாட்டியைக் கேளுங்கள், எம்.எஸ். பாட்டு என்பார்.

சொந்தப் பாட்டு என்றால் வரியும் மெட்டும் பாடகரே செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அவருக்காக உருவாகி, அவர் குரலில் முதலில் பிறப்பதும் சொந்தப் பாட்டுதான். எழுத வராதே என்று தயங்குகிற பிள்ளைக்கு இது தெரிய வேண்டும். நம் ஊரில் எழுதிவிட்டுக் காத்திருக்கும் கவிஞர்களுக்கா பஞ்சம்? இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கச்சேரியில் கீர்த்தனை மற்றவருடையதுதான். ஆனால் அதற்கு முன்னால் அரைமணி நேரம் ஓடும் ஆலாபனை யாருடையது? நிரவலும் கல்பனாஸ்வரமும் யாருடையவை? அந்த நிமிஷத்தில் அந்த மேடையில் பாடகர் உண்டாக்குவது. குரு சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிற சீடனுக்குக் கர்நாடக இசையிலும் பெரிய இடம் கிடையாது. பாலமுரளிகிருஷ்ணா இளம் வயதிலேயே 72 மேளகர்த்தா ராகங்களிலும் தானே கீர்த்தனை செய்துவிட்டார். தியாகராஜர் செய்தது போதாதென்றா செய்தார்? தனக்குச் சொல்ல ஏதோ இருந்தது, செய்தார்.

இப்போது கையைச் சுட்டுக்கொள்வது பற்றி. பணத்தைப் பற்றிப் பேசுவோம், கூச்சப்பட வேண்டாம்.

கவர் பாட்டு பாதுகாப்பானது என்று எதிரணி நினைக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி என்று ஒரு பிரிவு, 2012 திருத்தத்தில் வந்தது. ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடிப் பதிவு செய்து வெளியிட அது வழி சொல்கிறது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். தொழில்நுட்பத்துக்குத் தேவையானதைத் தவிரப் பாட்டில் கை வைக்கக் கூடாது. நேற்று வந்த படத்தின் பாட்டை இன்றைக்குப் பாடி ஏற்றுகிற பிள்ளைகளில் யார் இதைச் செய்கிறார்கள்? அப்படியானால் எப்படி ஓடுகிறது? உரிமையாளர் விட்டு வைத்திருப்பதால் ஓடுகிறது. யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை மெட்டைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதன் பிறகு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதா, வீடியோவைத் தடுப்பதா, சும்மா கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதா என்பது பாட்டின் உரிமையாளர் விருப்பம். சில பாட்டுகளுக்குப் பாடியவருக்கும் பங்கு வரும், சிலவற்றுக்கு வராது. உழைப்பு பிள்ளையுடையது, முடிவு வேறொருவர் கையில்.

இதன் பாரத்தை நமக்கு உணர்த்திய ஒரு சம்பவம் உண்டு. 2017இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தார். இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது, அனுமதி இல்லாமல் அவர் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று. எஸ்.பி.பி. அதை வருத்தத்தோடு வெளியே சொல்லிவிட்டு, மற்றவர்கள் இசையில் பாடிய பாட்டுகளோடு பயணத்தைத் தொடர்ந்தார். இரண்டு பேருமே நமக்கு உயிர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, மெட்டைப் படைத்தவருக்கு அதன்மேல் உரிமை இருப்பதையும் மதிக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டுகளை உலகத்தில் முதன்முதலில் பாடிய குரலுக்கே அந்த நிலைமை என்றால், நாற்பது வருஷம் கழித்துக் கரோக்கே போட்டுப் பாடுகிற நம் பிள்ளை எதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கோவைக்காரர், பெயர் வேண்டாம். கல்லூரியில் படித்துக்கொண்டே கவர் பாடி ஏற்றிக்கொண்டிருந்தார். பதிவு எல்லாம் வீட்டில்தான். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, துணிமணிக்கு எதிரே மைக்கை நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்கப் பாடுவார். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். ஆண் குரலில் வந்த பாட்டுகள் மேல் அவருக்குப் பிரியம். மூலப் பாட்டு ஒரு கட்டை சுருதியில் இருக்கும், இவருக்கு வசதி ஐந்து கட்டை, அதாவது இன்னும் உயர்ந்த சுருதி. டிராக்கைக் கணினியில் அவ்வளவு தூரம் ஏற்றினால் பின்னால் வரும் கோரஸ் சின்னப் பிள்ளைகள் கத்துவது போல ஆகிவிடும், டிரம்ஸ் தகரம் போல ஒலிக்கும். அதனால் கொஞ்சம் மட்டும் ஏற்றி, இரண்டுங்கெட்டான் சுருதியில் பாடுவார். பல்லவியில் குரல் கீழே கிடந்து கேட்காது. கேட்கிறவர்கள் அதை அவர் குரலின் குறை என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டு செய்ய உட்கார்ந்தபோது அந்த நண்பர் கேட்ட முதல் கேள்வி, ‘உங்களுக்கு எந்தக் கட்டை வசதி?’ அத்தனை பாட்டு பாடிய பெண்ணிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை! காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்காக நிற்பது பற்றிய பாட்டு அது. முதலில் தத்தகாரமாக மெட்டு வந்தது. தன்னன்னா தானா என்று பாடிப் பார்த்து, அதன்மேல் வரி எழுதினார்கள். ஓர் இடத்தில் மெட்டு மேலே போய் நீண்டு நிற்கிறது. எழுதிய வரி ‘நிறுத்தம்’ என்று முடிகிறது. பாடிப் பார்த்தால் ‘ம்’மில் வாய் மூடிவிட்டது, நீட்ட முடியவில்லை. ‘நிறுத்தத்திலே’ என்று மாற்றினார்கள். ‘லே’யில் வாய் திறந்தது, குரல் தாராளமாக நின்றது. கவர் பாடுகிறவருக்கு இந்த வேலையே வராது, யாரோ எப்போதோ செய்து முடித்திருப்பார்கள். எந்த எழுத்தில் தன் குரல் நன்றாக நிற்கும், எந்த இடத்தில் மூச்சு வாங்கினால் வரியின் அர்த்தம் உடையாது, எதைப் பாடும்போது தனக்கே தொண்டை அடைக்கிறது என்றெல்லாம் அந்தப் பெண் தெரிந்துகொண்டது அந்த ஒரு பாட்டில்தான்.

பாட்டு வெளியானது. எதிரணி எதிர்பார்ப்பது போலவே, அவருடைய கவர் பாட்டுகளுக்கு வந்த கூட்டத்தில் சின்னப் பங்குதான் வந்தது. உண்மையை மறைத்து எனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. ஆனால் கீழே எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். ஒருவர்கூட ஒப்பிடவில்லை. ‘வரிகளைப் போடுங்க அக்கா’ என்று கேட்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவர், இது என் பாட்டு என்று எழுதியிருந்தார். கொஞ்ச நாள் கழித்து வேறோர் ஊரிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் அந்தப் பாட்டைப் பாடி ஏற்றியிருந்தது. கவர்! எதிரணி கொண்டாடுகிற அதே கவர்தான், இப்போது மூலப் பாட்டு எங்கள் பக்கம்.

ஊரில் சினிமாப் பாட்டைத் தவிர எதுவும் எடுபடாது என்றும் சொன்னார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். ஹிப்ஹாப் தமிழா ஆதி எங்கிருந்து வந்தார்? இணையத்தில் சொந்தப் பாட்டு போட்டுத்தான் சினிமாவுக்குள் வந்தார். 2024 தொடக்கத்தில் சாய் அபயங்கர் ‘கட்சி சேர’ என்று எந்தப் படத்திலும் இல்லாத ஒரு பாட்டை வெளியிட்டார். படங்கள் அவரைத் தேடி வந்தன. அவர் பாடகர்கள் திப்பு, ஹரிணியின் மகன், இசை வீட்டிலேயே இருந்தது என்பீர்கள். இருந்தது. ஆனால் அப்பா அம்மா பாடிய சினிமாப் பாட்டுகளைக் கவர் பாடி அவர் பெயர் வாங்கவில்லையே! சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த வித்யா வாக்ஸ், மேலைநாட்டுப் பாட்டையும் நம் பாட்டையும் இணைத்துப் பாடி இலட்சக்கணக்கான பேரைச் சேர்த்தார். அவ்வளவு கூட்டம் கையில் இருந்தும் 2017இல் சொந்தப் பாட்டுத் தொகுப்பு வெளியிட்டார். கவரில் உச்சம் தொட்டவருக்கே அது போதவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ‘எஞ்சாயி எஞ்சாமி’. 2021 மார்ச். தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. அந்தப் பாட்டுக்குள் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கைக்கு ஒரு துண்டு நிலமில்லாமல் இங்கே திரும்பி வந்தவர்களின் கதை இருக்கிறது. நடுவர் அவர்களே, அந்தக் கதையைச் சொல்ல எந்தப் பழைய பாட்டைக் கவர் பாடியிருக்க முடியும்? சொல்லுங்கள். தன் வீட்டுப் பாட்டியை, தன் தெருவை, தன் சனத்தை ஒரு பாடகர் பாட வேண்டுமென்றால் அந்தப் பாட்டை அவர்தான் செய்தாக வேண்டும். ரெடிமேடாக எங்கும் கிடைக்காது.

‘அந்தப் பாட்டே காசு தரவில்லையே’ என்று எதிரணியில் யாரோ மெதுவாகச் சொல்வது காதில் விழுகிறது. சரியான கேள்வி. 2024இல் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார், எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு வருமானமும் வரவில்லை என்று. கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் இதற்கு மருந்து, சொந்தப் பாட்டை விட்டுவிட்டுக் கவருக்குத் திரும்புவதா? அங்கே கேட்பதற்கு உரிமைகூட இல்லை, இங்கே கேட்கவாவது முடிகிறது. மருந்து, கையெழுத்துப் போடும் முன் படிப்பது. பாட்டு வெளியாகும் முன்பே வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவு யாருடையது, ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், நண்பர்களாக இருந்தாலும். எழுதியவரும் மெட்டமைத்தவரும், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் சேருங்கள். வரியையும் மெட்டையும் செய்தவர்களின் ராயல்டி உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு ஓடிவிட முடியாதபடி 2012 திருத்தம் பாதுகாப்புத் தந்திருக்கிறது. இருப்பதைப் பயன்படுத்த வேண்டும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. சொந்தப் பாட்டு என்றதும் ஸ்டுடியோ, டான்ஸ் மாஸ்டர், ட்ரோன் கேமரா என்று எதிரணி பயமுறுத்தியது. யார் கேட்டது அதை? கவருக்குப் பயன்பட்ட அதே மைக், அதே அலமாரி, அதே நாற்காலி போதும். எழுதுவதற்குப் பயமா, பாரதியார் இருக்கிறார். அவர் பாட்டுகளுக்கு யாரும் பதிப்புரிமை கேட்டு வர மாட்டார்கள், நாட்டுடைமை. இதுவரை யாரும் அதிகம் தொடாத ஒரு கவிதையை எடுத்து உங்கள் மெட்டில் பாடுங்கள். சங்கப் பாடலை எடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் ராஜன் சோமசுந்தரம் சங்கப் பாடல்களுக்கு இசையமைத்து, டர்ஹாம் சிம்பொனியோடு சேர்ந்து 2020இல் ஒரு தொகுப்பே வெளியிட்டார். இரண்டாயிரம் வருஷத்து வரி, இன்றைய மெட்டு. கவரிலிருந்து சொந்தப் பாட்டுக்கு நடந்து வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, எதிரணித் தலைவர் ஒரு சமாதானம் சொன்னார். ‘முதலில் பத்து லட்சம் சந்தாதாரர் சேரட்டும், அப்புறம் நிதானமாகச் சொந்தப் பாட்டு பாடிக்கொள்ளட்டும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் இளம் பாடகர்களுக்கு மிகவும் ஆபத்தான பேச்சு அதுதான் என்று நான் மனதாரச் சொல்கிறேன். அந்தப் பத்து லட்சம் பேர் எதற்காகச் சேர்ந்தார்கள்? தெரிந்த பாட்டைக் கேட்கச் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரியாத பாட்டை ஒரு நாள் போட்டால் பாதியில் நகர்ந்துவிடுவார்கள். பாதியில் நகர்வதைப் பார்த்த யூடியூப், அடுத்த வீடியோவை இன்னும் குறைவான பேருக்குத்தான் காட்டும். பாடகர் பயந்துபோய் மறுவாரமே ஒரு ஹிட் பாட்டுக்கு ஓடுவார். கூட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயமும் பெரிதாகும். ஆயிரம் பேர் கேட்கும்போது துணியாதவர் பத்து லட்சம் பேர் கேட்கும்போது எப்படித் துணிவார்? ஆரம்பத்திலேயே மூன்று கவருக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று கலந்து பாடுங்கள். இந்தப் பெண் புதுப் பாட்டும் பாடும் என்று தெரிந்தே கூட்டம் சேரட்டும். சின்னக் கூட்டமாக இருக்கட்டும், பரவாயில்லை. அந்தக் கூட்டம் பாடகரின் பெயரைத் தட்டி வரும்.

நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்புக்காக இந்த அரங்கில் நிறையப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர்களில் சிலரின் செல்போனில் பாதி எழுதிய பாட்டு ஒன்று, யாருக்கும் காட்டாமல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை முடிக்கச் சொல்லித் தீர்ப்புத் தாருங்கள் என்று எங்கள் அணியின் சார்பில் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.